சதோமி ஒட்டிய காகிதங்கள்

மட்டாஞ்சேரி,
ஜூன் 6

அம்பிளி அப்பாவுக்கு மகா எழுதுவது.

இங்கே மாமா, அம்பிளி, நான் மூவரும் சுகம். நீங்களும் உங்களோடு கப்பலில் வேலை செய்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். துறைமுகத்திலிருந்து நீங்கள் கூப்பிடுகிற பத்து நிமிடத்தில் பாதி உங்கள் அப்பாவுக்குப் போகிறது, மீதி அம்பிளிக்கு. ஃபோன் என் கைக்கு வரும்போது "சரி, வெச்சுடறேன்" என்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கம்பெனி ஆபீஸில் இருக்கும் ரமேஷ்பாபு, அடுத்த துறைமுகத்துக்குப் போகும் பையில் போட்டுவிடுவதாகச் சொன்னார். அம்பிளிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது, மலையாளம்தான். எனவே ஒளிக்காமல் எழுதலாம்.

மழை தொடங்கிவிட்டது. ஸ்கூல் திறந்து அம்பிளி ஐந்தாவது போகிறாள். சுக்குக் குடோனில் எனக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. காய வைக்க வெயில் இல்லை. மாமாவுக்கு முட்டி வலி. இருந்தாலும் காலையில் சாயாக் கடைக்குப் போய்ப் பேப்பர் பார்க்காவிட்டால் அவருக்கு நாள் ஓடாது.

நீங்கள் கப்பல் ஏறிய பிறகு நம் தெருவுக்குப் புதிதாக இரண்டு பேர் குடி வந்திருக்கிறார்கள். ஜப்பான்காரர்கள். குனியோ என்பவருக்கு எறணாகுளத்தில் ஒரு மெஷின் கம்பெனியில் பெரிய வேலை. அவர் மனைவி பெயர் சதோமி. அறுபது வயது இருக்கும். நடையைப் பார்த்தால் சொல்ல முடியாது. அவருக்குத் தமிழ் தெரியும்! இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஒரகடத்தில் இருந்தார்களாம். காய்கறிக்காரியிடமும் பூக்காரியிடமும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டிருக்கிறார். மலையாளம் வாயில் நுழையவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு நம் கட்டிடத்து வாசலில் வந்து நின்றார். நான் "என்ன வேணும்?" என்று கேட்டதும் "அப்பாடா, தமிழ்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் என்னிடம் தமிழ் எழுதிக் காட்டித் திருத்திக்கொள்கிறார். ழகரத்துக்குச் சுழி போடுவதில் அவருக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

ஞாயிறு காலையில் எறணாகுளத்திலிருந்து இன்னும் ஏழெட்டு ஜப்பான்காரர்கள் வருவார்கள். கையுறை, சாக்கு, நீளமான இடுக்கி. கால்வாய் ஓரத்துக் குப்பையைப் பொறுக்குவார்கள். முதல் வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. முப்பத்தொரு வருடம் கார்ப்பரேஷனில் இதே தெருவைப் பெருக்கிய மாமாவுக்கு மட்டும் கோபம். "இவங்க வந்து நமக்குக் கிளாஸ் எடுக்கணுமா?" என்றார். நாலாவது வாரம் அவரே துடைப்பத்தோடு இறங்கிப் போய், "அப்படி இல்ல சாரே, இடுப்பு போயிடும்" என்று குனியோவுக்குத் துடைப்பம் பிடிக்கக் காட்டிக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் சதோமி நம் வராந்தாவில் பிள்ளைகளுக்குக் காகிதம் மடிக்கக் கற்றுத் தருகிறார். நடுவில் மீன் வைத்துச் சோற்றை உருட்டிக் கொடுக்கிறார். அம்பிளி நான் போடும் சோற்றையும் உருண்டையாகத்தான் கேட்கிறாள்.

எழுத வந்த விஷயம் வேறு. போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து போய் முன்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கீழே அரிசி லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. லாரி போய் வெகுநேரம் ஆன பிறகும் கையை எடுக்கவில்லை. "மகா, இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று ஒரு விரிசலைக் காட்டினார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறது என்றேன். மறுநாள் பிள்ளைகள் மடிக்கிற மெல்லிய வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தார். விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி, அதன் மேல் தேதி எழுதினார். வாசலுக்கு மேலே ஒன்று, முன்வரிசையில் பூ விற்கிற அங்கம்மா அக்கா அறைக்கு வெளியே ஒன்று, மாடிப்படி திரும்புகிற இடத்தில் இரண்டு. சுவர் அசையாவிட்டால் காகிதம் அப்படியே இருக்கும் என்றார். அசைந்தால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சதோமி பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டு கற்றுக்கொடுத்தார். யாராவது கரண்டியால் தட்டைத் தட்டினால், எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இறங்கி, தெருவுக்கு எதிரே இருக்கும் காலி இடத்தில் போய் நிற்க வேண்டும். நாலு விதி. அம்பிளி அதை மலையாளத்தில் பாட்டாகவே ஆக்கிவிட்டாள்: தள்ளருது, ஓடருது, மிண்டருது, திரிச்சு போகருது. தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியுமாம்.

மே 18 தேதி போட்ட நாலு காகிதமும் இன்றைக்கு வரை முழுசாக இருக்கின்றன. தினமும் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன். பார்க்காமல் இறங்க முடியவில்லை. அக்கரையில் வைப்பினில் என் சிநேகிதி மாதுரி வீட்டுப் பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். விசாரித்து வைக்கட்டுமா? உங்கள் பதில் தெரிந்து செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகா


மட்டாஞ்சேரி,
ஜூன் 28

அம்பிளி அப்பாவுக்கு,

உங்கள் ஃபோன் வந்த பிறகு இரண்டு நாள் எழுதப் பிடிக்கவில்லை. நீங்கள் சத்தம் போட்டது மாமாவுக்கும் கேட்டது. நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாதது இல்லை. மாமாவின் அப்பா காலத்திலிருந்து நாம் இந்த அறையில் இருக்கிறோம். உடைமைக்காரர் நம்மை எல்லாம் கிளப்பிவிட்டு ஹோட்டல் கட்டப் பார்க்கிறார். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. குடியிருக்கிறவர்களில் யார் காலி செய்தாலும் அவர்களுடைய பாத்தியம் அதோடு போயிற்று. எல்லாம் சரி. நான் வைப்பினில் விசாரிக்கவில்லை.

ஆனால் ஜூன் 11 அன்று காலையில் மாடிப்படித் திருப்பத்தில் இருந்த காகிதம் ஒன்று கிழிந்திருந்தது. பிள்ளைகள் கிழித்திருப்பார்கள் என்று அங்கம்மா அக்கா திட்டினார். சதோமி வந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டினார், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில். அது ஆறு நாளில் கிழிந்தது. அடுத்தது நாலு நாளில். நடுவில் நேராக, பிளேடு வைத்தது போல.

முன்வரிசை அறைகளில் காலையில் எழுந்தால் பாயின் மேல் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து கிடக்கிறது. அங்கம்மா அக்காவின் கதவு பாதியில் நிற்கிறது. தோளால் இடித்துத்தான் சாத்துகிறார். கீழே பூட்டிக் கிடக்கும் அரிசிக் குடோனில் எந்நேரமும் எலி ஓடும் சத்தம் கேட்குமே, இப்போது பத்து நாளாக ஒன்றும் கேட்கவில்லை. நம் அறை காயல் பக்கம், பின்னால் இருப்பதால் நமக்கு அவ்வளவு இல்லை. மாமாவும் அதைத்தான் சொல்கிறார்.

சதோமி எங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டார். கிழிந்த காகிதங்களை எல்லாம் படம் எடுத்து, தேதி போட்டு, அதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். இரண்டு பேர் வந்தார்கள், சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மறுநாள் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: குடியிருக்கத் தகுதியற்ற கட்டிடம், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் உடைமைக்காரரின் ஆள் பிஜு வந்தான். எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவன் எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் சதோமியிடம் போய்க் கை கூப்பி, "வலிய உபகாரம் மேடம். ஞங்ஙள் பத்து கொல்லமாயிட்டு பறயுன்னது மேடம் பறஞ்ஞப்போ கேட்டு" என்றான். நாங்கள் பத்து வருடமாகச் சொல்லி நடக்காதது நீங்கள் சொல்லி நடந்துவிட்டது என்று. சிரித்துக்கொண்டே சொன்னான். சதோமிக்குப் பாதிதான் புரிந்திருக்கும்; அவரும் பதிலுக்குக் குனிந்து வணங்கினார். அவர்கள் வழக்கம் அது. ஆனால் அந்த ஒரு வணக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கம்மா அக்கா என் காதருகில், "பாத்தியாடி? காசு வாங்கினவ குனியற மாதிரியே குனியறா" என்றார்.

அந்த வாரம் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா துடைப்பத்தை எடுக்கவில்லை.

நான் சதோமியிடம் நேராகவே கேட்டேன், உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று. சொன்னார். அவர் பிறந்த ஊர் கடற்கரை. பதினான்கு வருடத்துக்கு முன் பூமி ஆடிக் கடல் உள்ளே வந்த அன்று அவருடைய அக்கா மேட்டுக்கு ஏறிவிட்டாராம். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குளிர். போர்வை எடுத்து வருகிறேன் என்று அக்கா இறங்கிப் போனார். "அரை மணி நேரம் ஒண்ணும் நடக்காததுதான், மகா, பயம். ஆட்டம் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டம்ளரில் இருந்த சாயாவைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மழை விடவே இல்லை. நீங்கள் அடுத்து கூப்பிடும்போது தயவுசெய்து என்னிடம் முதலில் பேசுங்கள்.

மகா


மட்டாஞ்சேரி,
ஜூலை 16

அம்பிளி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

ஜூலை ஏழாம் தேதி அவர்களுக்கு ஏதோ பண்டிகை. வானத்தில் இரண்டு நட்சத்திரங்கள் வருடத்தில் ஒரு நாள் சந்தித்துக்கொள்ளுமாம். அன்றைக்கு வண்ணக் காகிதத்தில் வேண்டுதலை எழுதி மூங்கிலில் கட்டுவார்கள். எறணாகுளத்து ஜப்பான்காரர்கள் எல்லோரும் வந்து நம் வாசலில் ஒரு மூங்கிலை நட்டார்கள். மீதியிருந்த ஏழெட்டுப் பிள்ளைகள் எழுதிக் கட்டினார்கள். அங்கம்மா அக்கா பூ விற்றுவிட்டு வந்தவர், ஒவ்வொரு காகிதமாகப் பிடித்து, மலையாளம் தெரிந்தவர்களை வாசிக்கச் சொன்னார். சைக்கிள், புது பேக், அப்பா வர வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் 'வீடு விழக் கூடாது' என்று எழுதியிருந்தது. அது நம் அம்பிளி.

அங்கம்மா அக்கா மூங்கிலைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்துவிட்டார். "எம் பொணம் போனாத்தான் இந்த வீடு காலியாகும். பச்சப் புள்ளைங்க வாயில இந்த வார்த்தைய ஏத்தறியே, நீ வெளங்குவியா?" என்று கத்தினார். சதோமி தண்ணீரில் மிதந்த காகிதங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டார்.

அதற்கு மறுநாள்தான் நம் கட்டிடத்து ஷங்கர் மனு எழுதிக்கொண்டு வந்தார். சதோமி அனுமதி இல்லாமல் வகுப்பு நடத்துகிறார், பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறார், உடைமைக்காரரோடு சேர்ந்துகொண்டு பீதி கிளப்புகிறார் என்று. மற்ற எட்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. அன்றைக்குத்தான் உங்கள் ஃபோன் வந்தது. மாமா உங்களிடம் சொன்னார். நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நாம மட்டும் போடலன்னா நாமதான் காட்டிக் கொடுத்தோம்னு ஆகும்." போட்டேன். மற்ற எல்லாம் மலையாளத்தில் இருந்தன. என்னுடையது மட்டும் தமிழ்.

விசா ஆபீஸிலிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். குனியோவின் விசாவில் வந்த மனைவி இப்படியெல்லாம் செய்யக் கூடாதாம். அவருடைய கம்பெனிக்கும் விஷயம் போய், எதற்கு வம்பு என்று அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. பத்து நாள் கூட அவகாசம் கிடைக்கவில்லை. நேற்றுப் போய்விட்டார்கள்.

போவதற்கு முன் சதோமி நம் அறைக்கு வந்தார். மாமா எழுந்து காயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சாயா போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். "உங்க கையெழுத்த அங்க பாத்தேன், மகா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. "முன்பக்கம் யாரையும் படுக்க விடாதீங்க. ஆடி மாசம் தாண்டற வரைக்கும். கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அம்பிளி மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நோட்டீஸை நம் ஆட்களே கிழித்துவிட்டார்கள். சுவரில் இருந்த காகிதங்களையும் அங்கம்மா அக்கா தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்துவிட்டார். இப்போது தெருவில் எல்லோரும் நம்மோடு நன்றாகப் பேசுகிறார்கள். நீங்கள் விரும்பியது போலவே ஆயிற்று.

இரும்புக் கம்பி வளைகிற மாதிரி ஒரு சத்தம் பகலிலும் கேட்கிறது. கட்டிடத்தில் இரும்பே கிடையாது என்கிறார் மாமா.

மகா


வைப்பின்,
ஆகஸ்ட் 5

அம்பிளி அப்பாவுக்கு,

மேலே போட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். முழுக்க வாசியுங்கள். கம்பெனி மூலம் உங்களுக்குச் சேதி வந்திருக்கும்: கட்டிடம் இடிந்தது, வீட்டில் எல்லோரும் பத்திரம், பக்கத்து வீட்டு அம்மா இறந்துவிட்டார் என்று. ரமேஷ்பாபு அவ்வளவுதான் அனுப்பியதாகச் சொன்னார். நடந்தது இது.

ஜூலை 29, செவ்வாய்க்கிழமை. கன மழை என்று பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை. சுக்குக் குடோனில் தண்ணீர் ஏறியதால் நானும் வீட்டில் இருந்தேன். பகல் பதினொன்றரை இருக்கும், கப்பைக் கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்த அம்பிளி உள்ளே வந்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள். "அம்மே, படியில மணல் கொட்டுது." போய்ப் பார்த்தேன். மாடிப்படித் திருப்பத்து விரிசலிலிருந்து, அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தால் கொட்டுமே, அந்த மாதிரி ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. என் கை உள்ளே போகும் அளவுக்கு விரிசல் இருந்தது.

உள்ளே ஓடி வந்து தட்டை எடுத்தேன். தட்டினேன். எவ்வளவு நேரம் தட்டினேன் என்று நினைவில்லை; தட்டு குழிந்துபோய்விட்டது.

பிள்ளைகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சதோமியிடம் அனுப்பமாட்டோம் என்று நிறுத்திக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளும்தான். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, வாய் திறக்காமல் இறங்கினார்கள். அவர்கள் போவதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் போனார்கள், திட்டிக்கொண்டே. அங்கம்மா அக்கா பூக்கூடையோடு இறங்கினார். நான் மாமாவைக் கூப்பிட்டேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அந்த ஜப்பான்காரி போயும் உன்ன விடலையா? எம் மகன் விஸ்வா வந்து சொன்னாத்தான் நான் இந்த ரூம விட்டு எறங்குவேன். நீ போ" என்றார். இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அம்பிளியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எதிரே காலி இடத்தில் எல்லோரும் மழையில் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கட்டிடம் எப்போதும் போல நின்றது. ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி நகர்ந்தார். அவர் மகன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு "திரிச்சு போகருது" என்று அழ ஆரம்பித்தான். பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. அப்போது அங்கம்மா அக்கா என்னைப் பார்த்து, "எடி, ஒம் மாமன் எங்க?" என்றார். வரமாட்டேன் என்கிறார் என்றேன். "மழையில நாங்க நிக்கணும், கெழவர் மட்டும் நாற்காலியில உக்காரணுமா? இரு, நான் இழுத்துட்டு வரேன்" என்று பூக்கூடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.

போலீஸ் கேட்டபோது, அம்பிளி என் கையை விடவில்லை, அதனால் நான் போக முடியவில்லை என்று சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் பிடி அப்படி ஒன்றும் இறுக்கமாக இல்லை. சதோமி தன் அக்காவைப் பற்றிச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்து "அக்கா, போகாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். மாமா வந்துவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் இரண்டு பேரும் படியில் இறங்குவது வாசல் வழியாகத் தெரிந்தது. மாமா முன்னால், முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக. அக்கா பின்னால், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஏசிக்கொண்டே வந்தார். மாமா வாசற்படியில் கால் வைக்கும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. அக்கா அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மாமாவை இரண்டு கையாலும் தெருவுக்குத் தள்ளினார். நான் கண்ணால் பார்த்தேன். மாமா முகம் குப்புற விழுந்தார். முன்பாதி முழுவதும், ஐந்து அறை, மாடிப்படி, ஓடு எல்லாம், ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியது. புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. மழையிலும் புழுதி எழும்பும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அக்காவை மூன்று மணிக்கு எடுத்தார்கள். பூக்கூடை அதுவரை என் கையில்தான் இருந்தது.

இருபத்து மூன்று பேர் வெளியே இருந்தோம். அதில் பிள்ளைகள் பதினொன்று. சதோமிக்கு இதை எப்படித் தெரிவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முகவரி கேட்டு வைத்துக்கொள்ளும் முகம் எனக்கு அன்றைக்கு இல்லை. எறணாகுளத்து ஜப்பான்காரர்கள் நாலு பேர் மறுநாளே வந்து, கையுறை போட்டுக்கொண்டு செங்கல் அகற்றினார்கள். யாரும் அவர்களிடம் ஒன்றும் பேசவில்லை. போகும்போது அங்கம்மா அக்கா விழுந்த இடத்தில் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள்.

இனிமேல் எழுதுவதுதான் நீங்கள் முக்கியமாக வாசிக்க வேண்டியது.

பின்பாதி விழவில்லை. நம் அறை அப்படியே நிற்கிறது. நாற்காலி, உங்கள் படம், அடுப்பில் என் கப்பைப் பாத்திரம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. அதிகாரிகள் கயிறு கட்டி, யாரும் நுழையக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள் மாமா காயல் பக்கத்து மர ஏணி வழியாக உள்ளே ஏறிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டு ஆண்கள் ஏறியிருக்கிறார்கள், பாத்தியம் போய்விடக் கூடாதே என்று. பிஜு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அவன் அதட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் மாதுரி வீட்டுப் பக்கத்து அறைக்கு வந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. அம்பிளியை இனி அந்தக் கட்டிடத்துக்குள் கூட்டிப் போகமாட்டேன், நீங்களே நேரில் வந்து சொன்னாலும்.

தினமும் படகில் அக்கரை போய், மாமாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன். நான் கயிற்றைத் தாண்டுவதில்லை. அவர் ஜன்னல் வழியாகக் கூடையை இறக்குவார், வைத்து அனுப்புவேன். இறங்கி வாருங்கள் என்று தினமும் கெஞ்சுகிறேன். நேற்றுச் சொன்னார்: "நான் இருந்த எடம் விழல மகா. அவ வந்து என்னக் கூட்டிட்டுப் போன எடந்தான் விழுந்துச்சு. நீ கூப்பிட்ட உடனே நான் எறங்கியிருந்தா அவ மேல வந்திருக்க வேண்டாம். நான் எறங்காமலே இருந்திருந்தாலும் அவ கோவிச்சிட்டுத் திரும்பிப் போயிருப்பா. ரெண்டுல ஒண்ணு நான் செஞ்சிருக்கணும்." பிறகு, "விஸ்வா வரும்போது எறங்க ஒரு எடம் வேணும்ல?" என்றார். எழுபத்திரண்டு வயது மனிதர், இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். என் கையெழுத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வருகிற சனிக்கிழமையிலிருந்து மறுபடியும் பெரிய மழை என்கிறார்கள். உங்கள் கப்பல் வியாழக்கிழமை கொழும்புக்கு வருகிறது என்று ரமேஷ்பாபு சொன்னார். இந்தக் கடிதம் அங்கே உங்கள் கையில் கிடைக்கும்படி படம் எடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

என்னைக் கூப்பிட வேண்டாம். அம்பிளியையும் வேண்டாம். பத்து நிமிடத்தையும் மாமாவுக்கே கொடுங்கள். அறையைப் பற்றிக் கேட்காதீர்கள். கேஸ் பற்றிப் பேசாதீர்கள். அங்கம்மா அக்காவைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் பேசாமல். பிறகு "அப்பா, எறங்கிடுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் வாயால் அந்த ஒரு சொல் வந்தால் அவர் இறங்கிவிடுவார். உங்களுக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் காயல் பக்கம் ஏணிக்கடியில் நிற்பேன்.

கட்டிடத்தில் கரண்ட் இல்லை. புதன் சாயங்காலம் கூடையில் ஃபோனை இறக்கச் சொல்லி வாங்கி, சாயாக் கடையில் முழுக்க சார்ஜ் போட்டு, வியாழன் விடிந்ததும் கொடுத்துவிடுவேன். மணி அடித்தால் அவருக்குக் கேட்கும்.

கடலில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

மகா